முதல் கட்டத்துப் பிள்ளையார்

கதவைத் தட்டுவாள். திறந்தது நானா என் மனைவியா என்றுகூடப் பார்க்காமல், போனைக் கை நீளத்துக்கு நீட்டி, "இது என்ன?" என்பாள். சாப்பிட்டீங்களா, சுகமா எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

போன் திரையில் வெள்ளையாக ஒரு பரப்பு இருக்கும். நடுவில் கடுகளவுக்குக் கறுப்பாக ஏதோ இருக்கும். கடுகளவு என்று பேச்சுக்குச் சொல்லவில்லை. ஒருநாள் என் மனைவியிடம் அஞ்சறைப் பெட்டியை வாங்கி, ஒரு கடுகை எடுத்துத் திரையில் வைத்துப் பார்த்தாள். படம் கடுகைவிடக் கொஞ்சம் பெரிசாக இருந்தது. அதையும் குறைத்துவிட்டு மறுபடி நீட்டினாள்.

"இப்ப சொல்லுங்க அண்ணாச்சி. இது என்ன?"

புனேயில், சாங்வி என்ற இடத்தில், எங்கள் எதிர்வீட்டில் நாலு வருஷம் குடியிருந்தாள். தூத்துக்குடிப் பக்கம். நாங்கள் திருநெல்வேலிக்காரர்கள். என் அப்பா இங்கே தொழிற்சாலை வேலைக்கு வந்தவர், நான் பிறந்ததும் பத்தாவது வரை படித்ததும் புனேயில்தான். என்னை அண்ணாச்சி என்றும் என் மனைவியை மைனி என்றும் முதல் நாளே கூப்பிட்டுவிட்டாள். நானும் தங்கச்சி என்றேன். அதனால் அவள் என்றே எழுதுகிறேன், குறையாக நினைக்கமாட்டாள். பெயரை எழுதினால் நினைப்பாள். அதை விட்டுவிடுகிறேன்.

அவளுடைய வேலை என்னவென்று எனக்குப் புரியவே மூன்று மாதம் ஆனது. கம்ப்யூட்டரில் 'க' என்ற பொத்தானை அழுத்தினால் 'க' வருகிறது. அதே மாதிரி ஒரு பொத்தானை அழுத்தினால் மைக்ராஸ்கோப் வரும், இன்னொன்றை அழுத்தினால் சோதனைக் குழாய் வரும். விஞ்ஞானிகள் தங்கள் வலைத்தளத்திலோ கட்டுரையிலோ படத்தைத் தனியாகக் கொண்டுபோய் ஒட்ட வேண்டியதில்லை, எழுத்தோடு எழுத்தாக அடித்துக்கொண்டு போகலாம். எழுத்தைப் போலவே பெரிதாக்கலாம், சிறிதாக்கலாம், நிறம் மாற்றலாம், ஓரம் பிசிறடிக்காது. ஐகான் ஃபான்ட் என்று பெயர். படத்தையெல்லாம் வரைந்து ஒரே ஃபைலாகக் கட்டி, உலகத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று போட்டு வைத்திருந்தாள்.

"சும்மாவா?" என்று என் மனைவி கேட்டாள்.

"சும்மாதான் மைனி."

"அன்னதானம் மாதிரி," என்று என் மனைவி எனக்கு விளக்கினாள். எனக்கு அப்போதுதான் அந்த வேலையின் மேல் ஒரு மரியாதை வந்தது.

அவளுடைய அண்ணனுக்கு அந்த மரியாதை இல்லை. ஊரிலிருந்து வாரத்துக்கு ஒருமுறை போன் செய்வார். சும்மா கொடுக்கிறதுக்குப் புனே எதுக்கு, தூத்துக்குடியில் உட்கார்ந்து கொடு என்பார். உருப்படியாக ஒரு நிரந்தர வேலை கிடைக்காவிட்டால் இந்தக் கணபதிப் பண்டிகையோடு வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு வந்துவிட வேண்டும் என்று கடைசியில் கெடு வைத்துவிட்டார். அவளும் சரி என்று சொல்லியிருந்தாள்.

இனி என் பதில்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். மைக்ராஸ்கோப்பைக் காட்டினாள், "யாரோ குனிஞ்சு கும்பிடுதாங்க" என்றேன். அம்மா அப்பா சாயல் பிள்ளைக்கு வருகிறதே, அந்தச் சமாச்சாரத்தை எழுதிவைத்திருக்கும் முறுக்குக் கயிறு என்று ஒன்று உண்டாம். அதை அரசமரத்தடி நாகர் என்றேன். அணு என்பதைச் சிக்குக் கோலம் என்றேன். கிருமி வளர்க்கும் வட்டக் கிண்ணத்தை அப்பளம் என்றேன். என் மனைவி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏங்க, நீங்க வேலை பாக்கிற இடத்துல தினமும் மைக்ராஸ்கோப்பைப் பாக்குதீங்கதானே?"

"அங்க பெரிசால்லா இருக்கு," என்றேன்.

நான் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் கண்ணாடிச் சாமான் கழுவுகிறவன். குடுவை, குழாய், கிண்ணம் எல்லாம் என் கைக்கு வந்துதான் போகும்.

அவள் மட்டும் சிரிக்கமாட்டாள். நீல அட்டை போட்ட நீள நோட்டு ஒன்று வைத்திருந்தாள். இடது பக்கத்தில் படத்தை ஒட்டி, வலது பக்கத்தில் பார்த்தவர் சொன்னதை அப்படியே எழுதுவாள். 'குனிந்து கும்பிடுகிறார்' என்று எழுதி, கீழே ஒரு கோடு போட்டுவிட்டு, போய்த் திருத்தி வரைந்துகொண்டு மறுநாள் வருவாள்.

"பாக்கிறவங்க மேல தப்பே கிடையாது மைனி," என்பாள். "தப்பெல்லாம் படத்து மேலதான்."

இது அவள் வாயில் அடிக்கடி வரும் பேச்சு. பேச்சோடு நிற்கவும் மாட்டாள். ஒருமுறை என் மனைவியின் கண்ணைக் காட்ட ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம், துணைக்கு அவளும் வந்தாள். நான் கழிப்பறைக்குப் போனேன். இரண்டு கதவு இருந்தது. ஒன்றில் ஒரு தொப்பி, இன்னொன்றில் ஒரு விசிறி. எனக்குத் தொப்பி போடும் பழக்கம் இல்லை. அன்று நல்ல வெயில். விசிறி போட்ட கதவைத் திறந்துவிட்டேன். உள்ளே ஒரு நர்ஸ் முகம் கழுவிக்கொண்டிருந்தார். அவர் போட்ட சத்தத்தில் இரண்டு மாடி ஆட்கள் கூடிவிட்டார்கள். எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது. தங்கச்சி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்தக் கதவிடம் சண்டை போட்டாள். நிஜமாகத்தான் சொல்கிறேன். கதவில் இருந்த விசிறியை விரலால் தட்டித் தட்டி, "நீ யாரு? உன்னைப் பாத்து ஒருத்தருக்கு என்ன தெரியும்?" என்று தமிழில் கேட்டாள். பிறகு மேனேஜரைக் கூப்பிட்டு அதையே ஹிந்தியில் கேட்டாள். நாங்கள் கிளம்புவதற்குள் இரண்டு கதவிலும் மராத்தியில் எழுதி ஒட்டிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் நோட்டை எடுத்து, "விசிறியைப் பாத்து என்ன நினைச்சீங்க அண்ணாச்சி, சரியாச் சொல்லுங்க," என்றாள். அவள் வரைந்த படம்கூட இல்லை அது.

அதைப் பார்த்து எனக்கு வந்த தைரியத்தில்தான் என் கட்டைவிரல் கதையை அவளிடம் சொன்னேன். அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. என் வலது கட்டைவிரலில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு தழும்பு உண்டு. எண்ணெய் தெறித்தது என்று என் மனைவியிடமே சொல்லியிருந்தேன். உண்மை வேறு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் தொட்டி ஓரத்தில் ஒரு போத்தல் இருந்தது. இங்கிலீஷில் வாயில் நுழையாத ஒரு பெயர் எழுதி, பக்கத்தில் ஒரு படம் போட்டிருந்தது. சாய்ந்த குழாயிலிருந்து ஒரு கை மேல் சொட்டுச் சொட்டாக விழுகிறது. எனக்குக் கோவிலில் தீர்த்தம் கொடுக்கிற ஞாபகம்தான் வந்தது. கையில் ஊற்றிக்கொள்ள வேண்டியது போலிருக்கிறது என்று ஊற்றிக்கொண்டேன். அமிலம். நல்லவேளை, கீழே நீட்டியிருந்தது கட்டைவிரல் மட்டும்தான்.

சொல்லி முடித்துவிட்டுச் சிரிப்பாள் என்று காத்திருந்தேன். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். என் கையை வாங்கி அந்தத் தழும்பைப் பார்த்தாள்.

"நீங்க படத்தைச் சரியாத்தான் படிச்சிருக்கீங்க அண்ணாச்சி," என்றாள். "படம்தான் உங்ககிட்ட தப்பாச் சொல்லியிருக்கு."

பதினாறு வருஷமாக என்னை நானே மடையன் என்று திட்டிக்கொண்டிருந்தேன். அன்றோடு விட்டேன்.

மறுநாளிலிருந்து அவளுக்கு அந்தப் படம்தான் வேலை. கை சுடும், தொடாதே என்று சொல்ல வேண்டும், கடுகளவில் சொல்ல வேண்டும், கோவிலுக்குப் போகிறவனுக்கும் புரிய வேண்டும். எங்கள் வீட்டுத் தோசைக்கல்லைக் காயவைத்து, என்னை அதன் மேல் கையைக் கொண்டுபோகச் சொல்லி, என் மனைவியை ஓரத்திலிருந்து தண்ணீர் தெளிக்கச் சொன்னாள். சுர்ரென்றதும் நான் கையை இழுப்பேன். அதைப் போனில் படம் பிடித்தாள். நாற்பது தடவை இழுத்திருப்பேன். தீர்த்தம் வாங்கும் கை மலர்ந்து குழிந்திருக்கும், சுட்ட கை கவிழ்ந்து விரல் விறைத்து முழங்கையோடு பின்னால் போகும் என்று கண்டுபிடித்தாள். அன்று மாலை எல்லோருக்கும் அதே கல்லில் தோசை ஆயிற்று.

என்னைப் போலக் கழுவுகிறவர்களுக்காக மொத்தம் ஆறு படம் வரைந்தாள். கண்ணாடி போடு. கையுறை போடு. உடைந்ததை இந்தத் தொட்டியில் போடு. இதைச் சாக்கடையில் ஊற்றாதே. நெருப்பு ஆகாது. கை சுடும், தொடாதே. ஆறையும் அதே வரிசையில் என்னிடம் காட்டிக் காட்டி, எனக்கு அது கந்த சஷ்டிக் கவசம் மாதிரி மனப்பாடம் ஆகிவிட்டது.

எங்கள் நிலையத்தில் பாதுகாப்பு அதிகாரியாக ஒரு மராத்தி மேடம் இருந்தார். கண்டிப்பானவர், நியாயமானவர். நான் அவரிடம் இந்தப் படங்களைப் பற்றிச் சொன்னேன். அவர் தங்கச்சியைக் கூப்பிட்டுப் பேசினார். சொற்கள் எதுவும் இல்லாமல் ஆறு படத்தை மட்டும் ஒரு தாளில் அச்சடித்துக் கழுவும் அறையில் ஒட்டுவோம், வேலை செய்கிறவர்களே பார்த்துச் சொல்லட்டும், சரியாகச் சொன்னால் நிலையத்தின் வலைத்தளம், பாதுகாப்புக் கையேடு எல்லா வேலையும் உனக்கே நிரந்தரமாக என்றார். கணபதிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. அண்ணனின் கெடுவுக்கும் அதே மூன்று வாரம்.

இங்கே நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்லியாக வேண்டும்.

அதற்கு வெகுநாள் முன்னால், முதல் ஃபைலை அவள் கட்டிக்கொண்டிருந்தபோது, இத்தனை எழுத்து செய்திருக்கிறாயே, பிள்ளையார் சுழி எங்கே என்று கேட்டேன். மளிகைச் சீட்டு எழுதினாலும் மேலே ஒரு சுழி போட்டுத்தான் எனக்குப் பழக்கம். இது விஞ்ஞானம் அண்ணாச்சி, அதுக்கு இங்க இடம் இல்லை என்றாள். முதல் கட்டத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். முதல் கட்டம் யாருக்கும் கிடையாது என்றாள். எந்த ஃபான்டிலும் அப்படித்தானாம். யாராவது ஒரு பொத்தானை அழுத்தி, அதற்குப் படமே இல்லையென்றால், அந்த முதல் கட்டத்தில் இருப்பதுதான் வந்து நிற்குமாம். சாதாரணமாக வெறும் பெட்டி ஒன்றை வைத்திருப்பார்களாம்.

"அப்ப அதுதான் அவருக்கு இடம்," என்றேன். "ஒண்ணுமில்லாத இடத்துல வந்து நிக்கதுதானே அவரு வேலை."

அவள் வெறும் பெட்டியை என் மனைவியிடம் காட்டி, இது என்ன மைனி என்று கேட்டாள். ஜன்னல் என்றாள் என் மனைவி. நோட்டில் எழுதிக்கொண்டாள். மூன்று நாள் கழித்து வந்து, "போட்டுட்டேன் அண்ணாச்சி. யார் கண்ணுலயும் படாது," என்றாள். அன்று எங்கள் வீட்டில் கொழுக்கட்டை.

சோதனை நாளன்று காலையில் குளித்து, விபூதி பூசி, ஒரு பஸ் முன்னாலேயே போய்விட்டேன். என்னையும் ஒரு மாவ்ஷியையும் பார்க்க வைப்பதாக ஏற்பாடு. மாவ்ஷி என்றால் இங்கே சித்தி. வயதில் மூத்த வேலைக்காரப் பெண்களை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். எங்கள் மாவ்ஷிக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் இருபது வருஷமாக ஒரு குடுவையை உடைத்ததில்லை. மேடம் வந்தார். இரண்டு விஞ்ஞானிகள் கையில் தாளோடு வந்தார்கள். தங்கச்சி இஸ்திரி போட்ட சேலையில் வந்து சுவரோரம் நின்றாள். தொட்டிக்கு மேலே தாள் ஒட்டி, அதன் மேல் ஒரு துணி போட்டு மூடியிருந்தது. மேடம் துணியை எடுத்தார்.

ஆறு பிள்ளையார் சுழி.

பெரிசு பெரிசாக, கறுப்பாக, ஒன்றன் கீழ் ஒன்றாக ஆறு 'உ'. நடந்தது இவ்வளவுதான். பழைய ஃபைலை அவள் மாதிரிக்காக முன்பே அனுப்பியிருந்தாள். ஆறு புதுப் படம் சேர்த்த பிறகு புது ஃபைலையும் அனுப்பினாள். அச்சடித்த கம்ப்யூட்டரில் இருந்தது பழையது. அதில் அந்த ஆறு படமும் கிடையாது. படம் இல்லாத இடத்தில் எல்லாம் முதல் கட்டத்துக்காரர் வந்து நின்றுவிட்டார்.

நான் தங்கச்சியைப் பார்த்தேன். அவள் முகம் சுண்ணாம்பாக இருந்தது.

மேடம் முதலில் மாவ்ஷியைக் கூப்பிட்டார். பேனாவால் முதல் படத்தைத் தொட்டார். மாவ்ஷி கழுத்தை நீட்டிப் பார்த்தார். "மாஹித் நாஹி," என்றார். தெரியாது. இரண்டாவதைத் தொட்டார். தெரியாது. ஆறுக்கும் அதேதான். மூன்றாவதிலேயே மாவ்ஷி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

அடுத்தது நான். பேனா முதல் சுழியைத் தொட்டது. என் கை என்னைக் கேட்கவில்லை. இரண்டு முஷ்டியும் நெற்றிப் பொட்டுக்குப் போய் மூன்று முறை குட்டிக்கொண்டது. ஒரு விஞ்ஞானி தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டுத் தாளில் எழுதினார். பிறகுதான் தெரிந்தது, 'ஹெல்மெட்' என்று எழுதியிருக்கிறார்.

நான் கேட்டு வாங்கிய சுழி. என்னால் இந்தப் பிள்ளை ஊருக்குப் போகப்போகிறது. அப்போதுதான் மனப்பாடம் ஞாபகம் வந்தது. கண்ணாடி போட வேண்டும் என்றேன். மேடம் அடுத்ததைத் தொட்டார். கையுறை என்றேன். உடைந்ததைத் தொட்டியில். சாக்கடையில் ஊற்றக் கூடாது. மேடத்தின் பேனா ஒவ்வொரு சுழியாக இறங்க இறங்க நானும் இறங்கிக்கொண்டு வந்தேன். விஞ்ஞானிகள் இருவரும் வாயைத் திறந்தபடி என்னையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஒரே படத்தை ஆறு தடவை பார்த்து ஆறு பதில் சொல்லி, ஆறும் சரியாக இருந்தால் யார்தான் பார்க்கமாட்டார்கள். ஐந்தாவதில் இருந்தேன்.

"நிறுத்துங்க அண்ணாச்சி."

தங்கச்சிதான். குரல் மெதுவாகத்தான் இருந்தது.

"நீங்க படத்தைப் பாக்கல. என் முகத்தைப் பாத்துச் சொல்லுதீங்க."

பிறகு மேடத்தின் பக்கம் திரும்பி எல்லாவற்றையும் ஹிந்தியில் சொன்னாள். இவருக்கு இது மனப்பாடம், இவர் சொன்னதைக் கணக்கில் எடுக்காதீர்கள். மாவ்ஷி சொன்னதுதான் சரி, இந்தத் தாளைப் பார்த்து யாருக்கும் எதுவும் தெரியாது. இவர்கள் இருவர் மேலும் தப்பு இல்லை, பழைய கம்ப்யூட்டர் மேலும் இல்லை. படம் இல்லை என்றால் இல்லை என்று சொல்ல வேண்டிய இடத்தில் நான் வேறொன்றை வைத்தேன், தப்பு அங்கே இருக்கிறது. சுழியைக் கேட்டது அண்ணாச்சிதான் என்று மட்டும் அவள் சொல்லவே இல்லை. எனக்கு அந்தத் தொட்டிக்குள் இறங்கிவிடலாம் போல இருந்தது. நானே குறுக்கே விழுந்து, மேடம், நான்தான் கேட்டேன், அது எங்கள் ஊரில் எதை எழுதினாலும் முதலில் போடுகிற கணபதி குறி என்று சொன்னேன்.

மேடம் சுவரைப் பார்த்தார். தன் கையிலிருந்த தாளைப் பார்த்தார். அதை எங்கள் பக்கம் திருப்பினார். மேலே நடுவில், அவர் கையால், குட்டியாக 'ஸ்ரீ' என்று எழுதியிருந்தது. இந்த ஊரில் அப்படித்தான் ஆரம்பிப்பார்கள்.

"நானும் போடுகிறேன்," என்றார். "என் தாளில். சுவரில் இல்லை."

ஒரு வாரம் கொடுத்தார். கணபதி தன் இடத்துக்குப் போக வேண்டும், ஆறு படமும் தங்கள் இடத்துக்கு வர வேண்டும். இன்னொன்றும் சொன்னார். இன்று இந்த அறையில் சரியாக நடந்துகொண்டது மாவ்ஷி ஒருவர்தான், புரியாத குறியைக் கண்டதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார் என்றார். மாவ்ஷி அதைக் கேட்டதும் கையை எடுத்து முன்னால் விட்டுக்கொண்டார்.

பஸ்ஸில் திரும்பும்போது தங்கச்சியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் பைக்குள்ளிருந்து நோட்டை எடுத்தாள். ஒரு 'உ' போட்டு, எதிரே 'ஹெல்மெட்' என்று எழுதினாள். எழுதிவிட்டுத்தான் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. சாங்வி வரும்வரை நிறுத்தவில்லை.

இரண்டாவது சோதனைக்கு என்னை அறைக்குள் விடவில்லை. பாடம் பண்ணினவன் ஆகாது என்று மேடம் சொல்லிவிட்டார். வெளியே வராந்தாவில் நின்றேன். பண்டிகைக்கு ஒரு வாரம்தான் இருந்தது. பக்கத்து மைதானத்தில் ஊர்வலத்துக்காக டோல் மேளம் அடித்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். ஐம்பது டோல் இருக்கும், ஜன்னல் கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது. புனே ஊரே வா வா என்று கூப்பிடுகிற அந்த நேரத்தில் நான் ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு, "பிள்ளையாரப்பா, இன்னைக்கு மட்டும் வராம இரு," என்று வேண்டிக்கொண்டிருந்தேன். அறிவு தெரிந்த நாளிலிருந்து அவரிடம் அப்படி ஒன்றைக் கேட்டதில்லை. நூற்றியெட்டுத் தோப்புக்கரணம் நேர்ந்துகொண்டேன்.

கதவு திறந்தது. தங்கச்சி வந்தாள்.

"வந்தாரா?" என்றேன்.

"வரலை அண்ணாச்சி."

அவள் சொல்லித்தான் மற்றது தெரியும். மாவ்ஷி கண்ணாடி என்றார், கையுறை என்றார், வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தார். நான்காவதில் கொஞ்சம் தடுமாறி, பிறகு சரியாகச் சொல்லிவிட்டார். ஆறாவதற்குப் பேனா வந்ததும் அவர் வாயே திறக்கவில்லை. தன் வலது கையைச் சட்டென்று இழுத்துச் சேலைக்குள் மறைத்துக்கொண்டார். மேடம் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லையாம்.

நான் என் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டேன்.

தோப்புக்கரணத்தை அன்று மாலையே முடித்தேன். எழுபதில் கால் பிடித்துக்கொண்டது, மீதியை என் மனைவி போட்டாள்.

அண்ணனின் கெடு போயிற்று. அவள் இன்னும் இரண்டு வருஷம் எதிர்வீட்டில் இருந்தாள். முதல் கட்டத்தில் குறுக்குக் கோடு போட்ட பெட்டி ஒன்று வந்தது. அதற்கு நான் என்ன சொன்னேன் என்பது வேண்டாம். பிறகு பெரிய வேலை கிடைத்துப் பெங்களூருக்குப் போனாள். போகிற அன்றுகூடப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, போனை நீட்டி ஒன்று கேட்டுவிட்டுத்தான் லிஃப்டில் ஏறினாள்.

நான் ஓய்வு பெற்றபோது அவளிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. என் மகளின் ஈமெயிலுக்கு அனுப்பியிருந்தாள். என் மகள் தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள், அதனால் முழுதும் படத்திலேயே எழுதியிருப்பதாகத் தங்கச்சி அவளிடம் சொல்லியிருந்தாளாம். மகள் அதை எங்கள் வீட்டிலிருந்த பழைய கம்ப்யூட்டரில் திறந்தாள்.

"பப்பா, இதுல ஃபுல்லா உ உ உதான் இருக்கு."

அந்தக் கம்ப்யூட்டரில் இருந்தது, எதிர்வீட்டில் இருந்தபோது தங்கச்சியே ஏற்றிக் கொடுத்த முதல் ஃபைல். அது எனக்கு அப்போது தோன்றவில்லை. மகள் அச்சடித்துக் கொடுத்தாள். ஐந்து வரி. வரி முழுக்கச் சுழி. இடையில் ஒரு சொல் கிடையாது. நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவி வந்து பார்த்தாள், போய் விளக்கேற்றினாள். மறுநாள் அதைச் சட்டம் போட்டுச் சாமி அலமாரியில் வைத்தோம்.

ஒரு வாரம் கழித்து அவளே போன் செய்தாள்.

"கடிதம் வந்துச்சா அண்ணாச்சி? புரிஞ்சுதா?"

"நல்லாப் புரிஞ்சுது தங்கச்சி. சட்டம் போட்டு வச்சிருக்கேன்."

"சட்டமா?" என்றாள். போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னாள். மகள் அனுப்பினாள்.

"அய்யோ. நான் எழுதினது இது இல்ல அண்ணாச்சி. அது பழைய ஃபைல். தப்பு என் மேலதான். இருங்க, சரியானதை இப்பவே அனுப்புதேன்."

"அனுப்பாத," என்றேன்.

"நான் என்ன எழுதினேன்னு தெரிய வேண்டாமா?"

நான் அலமாரியைப் பார்த்தேன். முன்பே எண்ணி வைத்திருந்தேன்.

"எழுபத்திரண்டு தடவை எழுதியிருக்க," என்றேன். "இதுக்கு மேல என்ன எழுதியிருக்கப் போற."

அந்தப் பக்கம் காகிதம் புரளுகிற சத்தம் கேட்டது. நோட்டை எடுத்துவிட்டாள்.